வெறுங்கரை

செல்லாயி கையில் கம்போடு சேற்றில் நிற்பதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். பாகான் டத்தோ பக்கம் அந்தத் தென்னந்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு எதிரே கடலுக்குள் ஒரு கல்லணை இருக்கிறது. அதற்கு உட்புறம் அலை கொண்டுவந்து போட்ட புதுச் சேற்றுத் திடல். காலையில் ஒதுங்கப் போகிற ஆண்களையும் பெண்களையும், கெராங் சிப்பி பொறுக்க வருகிறவர்களையும் அவள் அந்தத் திடலில் கால் வைக்க விடமாட்டாள். கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவருவாள். அவள் வாயில் வருகிற வசவைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய கேஸுலா இது," என்பார் ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் உடையப்பன். ஈப்போவுக்குப் பக்கத்தில் பைத்திய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது.

பைத்தியம் என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. உடையப்பனுக்கு அது ரொம்ப வசதி. அந்த லயத்தில் இருக்கிற பாதிப் பேருக்கும் வசதிதான். அவள் எப்படி அந்தச் சேற்றுக்கு வந்து சேர்ந்தாள் என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால், கம்பை யார் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பது கேட்கிறவர்களுக்கே தெரிந்துவிடும்.

அவள் பிறந்தது கடலைக் கண்ணால் பார்க்காத இடத்தில். ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பன் ஆத்தாள் இரண்டு பேருக்கும் பால்மரம் வெட்டுகிற வேலை. அந்தத் தோட்டத்துக்குக் கணக்கு எழுதுகிற கிராணி, யாழ்ப்பாணத்துக்காரரான கார்த்திகேசு. விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் சனம் வரிசையாக நிற்கும்போது அவர் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். "மழை வராது, போங்கோ," என்றால் சனம் மரத்துக்குப் போகும். நடுவில் மழை கொட்டி, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலெல்லாம் தண்ணீராகிப் போனாலும் 'ஐயா சொல்லித்தானே போனோம்' என்று ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. தப்பு வானத்தின்மேல்தான் இருக்கும், கிராணியின்மேல் இருக்காது. அப்படிப் பழக்கப்பட்ட சனம். செல்லாயிக்குத் தாய்ப்பாலோடு சேர்ந்து ஊறிய பழக்கம் அது. அதுதான் பிற்பாடு அவள் தலையில் கல்லைப் போட்டது.

அந்தத் தோட்டத்தை வெள்ளைக்காரன் விற்றான். வாங்கினவன் துண்டு போட்டு விற்றான். துண்டு வாங்கினவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது, மனிதர்கள் வேண்டியிருக்கவில்லை. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே லயத்துக் கூரைத் தகரத்தைப் பிரித்து லோரியில் ஏற்றினார்கள். செல்லாயியை அவசர அவசரமாக மாயாண்டிக்குக் கட்டிக்கொடுத்து, பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அது எழுபதுகளின் தொடக்கம்.

மாயாண்டி கெட்டவன் இல்லை. நல்லவன் என்றும் சொல்லத் தோன்றவில்லை. சொன்ன வேலையைச் செய்வான், யார் சொன்னாலும் செய்வான். தோட்டத்துக் கொப்பரைச் சூளைக்கு விறகு வெட்டுவது அவன் வேலை. கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே, சேற்றில் வேரை ஊன்றிக்கொண்டு பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் காடாக நின்றன. பாக்காவ் விறகு நின்று எரியும். மாயாண்டியும் அவன் கூட்டாளிகளும் வெட்டி வெட்டிச் சூளைக்குப் போட்டார்கள். அந்த மரங்கள்தான் அலையை உடம்பில் வாங்கிக்கொண்டு கரையைக் காத்து நின்றன என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர்களுக்குக் கொப்பரை காய வேண்டியிருந்தது.

கல்யாணமாகி முதலில் சில வருஷம் பிள்ளை இல்லை. பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு ஒரு பையன் பிறந்தான். பத்துமலை என்றே பெயர் வைத்தார்கள். தைப்பூசத்தில் மலையேறி மொட்டை போடுவதாக நேர்த்தி. அந்த வருஷம் மாயாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் லோரி கிடைக்கவில்லை, அதற்கடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிரெஸர் வெள்ளை மருந்து கொடுத்தார். மறுநாளும் அதையே கொடுத்தார். மூன்றாவது நாள் வாங்கிக் குடிக்கப் பிள்ளை இல்லை. மொட்டை போடாத தலையோடு, நெற்றியில் சுருண்டு விழுந்த முடியோடு அவனைப் புதைத்தார்கள்.

நம்மவர்கள் பெரியவர்களை எரிப்பார்கள், சின்னப் பிள்ளைகளைப் புதைப்பார்கள். ஆனால் அந்தத் தோட்டம் முழுக்கக் களிமண். ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். பெற்ற பிள்ளையைத் தண்ணீரில் போட யாருக்கு மனசு வரும்? பாக்காவ் காட்டுக்கு உட்பக்கம், கரையை ஒட்டி நீளமாக ஒரு மணல்மேடு இருந்தது. காய்ந்த மண் அங்கே மட்டும்தான் உண்டு. அதனால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த மேட்டில்தான் கிடந்தார்கள். செல்லாயி மகன் தலைமாட்டில் சிமெண்டில் ஒரு சின்ன மேடை கட்டி, அதன்மேல் அவனுடைய தகரக் காரை வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் போய் உட்கார்ந்து பேசுவாள். சாம்பாரில் உப்புக் கூடிப்போனது, பக்கத்து வீட்டுக் கோழி குஞ்சு பொரித்தது, எல்லாமே சொல்லுவாள். அவனுக்குப் படம் எதுவும் எடுத்துவைத்திருக்கவில்லை. அந்த மேடைதான் அவள் பிள்ளை.

பாக்காவ் காடு மெலிய மெலிய, கடல் மேட்டுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்கும் கொஞ்சம் மண் சரியும். கடலோரமாக இருந்த இரண்டு குழிகள் ஒரு மழைக்காலத்தில் போயே போய்விட்டன. அந்தத் தாய்மார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள், பிறகு வேலைக்குப் போனார்கள். செல்லாயிக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் விஸ்வலிங்கம் வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். தோட்டத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, கயிறும் கம்பும் அளவுகோலுமாகக் கடலோரம் அலைந்தார். அடுத்த வீட்டு வீரம்மாதான் சேதி கொண்டுவந்தாள்.

"அலைய நிப்பாட்டுறதுக்குப் படிக்கிறாராம்லா, அக்கா. கடலுக்குள்ள கல்லப் போட்டு, அதுக்குப் பின்னாடி பாக்காவ் மரத்த மறுபடி வளத்துக் காட்டப் போறாராம். பாஸாயிட்டா டாக்டர்னு பேரு போட்டுக்கலாமாம்."

"டாக்டரா? ஊசி போடுவாரா?"

"ஊசி இல்லலா. கடலுக்கு டாக்டரு."

ஈப்போவில் வளர்ந்தவர், கார்த்திகேசுக் கிராணியின் மகன் என்று கேள்விப்பட்டதும் செல்லாயிக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றாள்.

"ஐயா, எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் உங்க அப்பா கையில வேல செஞ்சவங்க. உங்க வீட்டு உப்பத் தின்னு வளந்தவ நான்."

"ஓம், அப்படியோ?" என்றார் அவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அவள்தான் அவரை மணல்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு குழியாகக் காட்டி, கடல் எங்கே இருந்து எங்கே வந்திருக்கிறது என்று கையால் காட்டினாள். அவர் கீழே இறங்கி, அரிந்த விளிம்பை அளந்தார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"இவ்வளவு வேகமாக அரிக்கிற இடம் இந்தக் கரையில வேற எங்கயும் இல்லை. என்ர ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, செல்லாயி."

அவள் கண்ணில் நீர் முட்ட, கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்புள்ளயக் காப்பாத்திட்டீங்க சாமி," என்றாள். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லையம்மா, நான் கல் போடப்போவது இங்கே இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. ஆள் உதவி தேவைப்பட்டது, அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டார். படித்தவர்கள் எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் படித்திருக்கிறார்கள்.

மேட்டின் நெடுகச் சிவப்பு வர்ணம் பூசிய முளைக்கம்புகளை அடித்தார். மண் எவ்வளவு போகிறது என்று அதை வைத்துப் பார்ப்பதற்கு. செல்லாயிக்கு அது காவல் தெய்வம். ஒவ்வொரு முளைக்கும் மஞ்சள் துணி கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் சூடம் கொளுத்தினார்கள். முனி வந்து இறங்கிவிட்டார், இனிக் கடல் அண்டாது என்று லயமே பேசிக்கொண்டது. விஸ்வலிங்கம் சிரித்துக்கொண்டே அதையும் படம் எடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள். அவர் படம் எடுக்கும்போது உயரம் தெரிய அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆடாமல் நேராகப் பிடிக்கவேணும்," என்று சொல்லிக்கொடுத்திருந்தார். மகன் மேடைக்குப் பக்கத்தில் சிப்பாய் மாதிரி நிற்பாள்.

பிறகு ஈப்போவிலிருந்து கல் வந்தது. லோரி லோரியாக மலையை உடைத்த கல். கம்பிக்கூடைகளில் கல்லை நிரப்பி, சேற்றில் அமிழாமல் இருக்க மூங்கில் பரப்பி, அதன்மேல் அடுக்க வேண்டும். மாயாண்டி உட்பட ஆண்கள் எல்லாம் அதில் இறங்கினார்கள். பெண்களில் செல்லாயிதான் முதலில் போய்ச் சும்மாடு கட்டினாள். தலையில் தழும்பு விழும்வரை சுமந்தாள். கல்லணை லயங்களுக்கு நேர் எதிரே, கடலுக்குள் நீளமாக எழுந்தது. முதலில் இங்கே, அடுத்து நம் பக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளே நினைத்துக்கொண்டாள். அணை மணல்மேடு தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. அதற்குப் பிறகு லோரி வரவில்லை.

நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டாள்.

"இவ்வளவுதான், செல்லாயி. வேலை முடிஞ்சுது."

"மேட்டுப் பக்கம் ஐயா?"

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். "கேளுங்கோ. ஒரு கரைக்குக் கல் போடுறன். பக்கத்துக் கரையை ஒண்டும் செய்யாமல் விடுறன். அப்பதான் கல்லால எவ்வளவு நன்மை எண்டு காட்டலாம். ரெண்டுக்கும் போட்டால் எதோட எதை ஒப்பிடுறது? அந்தப் பக்கத்தை நான் வெறுங்கரை எண்டு சொல்லுறனான். அது அரிபட வேணும். அரிபட்டால்தான் ஆய்வு."

"அங்க புள்ளைங்க இருக்குதுங்கய்யா."

"ஆரும் குடியில்லாத இடம் எண்டுதானே எடுத்தனான்," என்றார்.

செல்லாயி அவர் காலைப் பிடித்தாள். அவர் சங்கடப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய இரக்கத்துக்கு வேலி இருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் பட்டம் இருந்தது.

அவள் லயத்துச் சனத்திடம் போனாள். மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. அணையைக் கொஞ்சம் நீட்டச் சொல்லி எல்லாருமாகச் சேர்ந்து கேட்டால் ஐயா மறுக்க மாட்டார் என்றாள். தண்டல் உடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஒம்புள்ளைக்கு இனிமே சளி புடிக்கப் போகுதா? காச்சல்தான் வரப்போகுதா?" கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை எழுதக்கூடக் கை கூசுகிறது. அதில் பிள்ளை புதைத்த தகப்பன்மாரும் இருந்தார்கள்.

வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தலைச்சனும் அந்த மேட்டில்தான் கிடந்தது. "எனக்கும் நெஞ்சு கொதிக்குதுக்கா. ஆனா உசுரோட மூணு இருக்கே. ஐயா கோவிச்சுக்கிட்டுப் போட்ட கல்லயும் எடுத்துட்டாருன்னா, இந்த மூணயும் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?" என்றாள்.

அணைக்குப் போட்டது போக மீந்த கற்கள் கரையில் குவிந்து கிடந்தன. மறுநாள் பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரேயும், அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் மகன் மேட்டுக்குக் கீழே அடுக்க ஆரம்பித்தாள். இடுப்பளவுக்கு ஒரு சின்னச் சுவர் வந்துவிட்டது. விஸ்வலிங்கம் பார்த்தார். அவளை ஒன்றும் சொல்லவில்லை. மாயாண்டியைக் கூப்பிட்டு, "அந்தக் கல்லுகளை எடுத்துப்போடும். வெறுங்கரை வெறுமனே இருக்கவேணும்," என்றார்.

மாயாண்டி போனான். சொன்ன வேலையைச் செய்கிறவன் அல்லவா? கல்லைத் தூக்கித் தோளில் வைக்கும்போது ஒரே ஒரு தடவை பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இந்தா, என்னயப் பாக்காத. செத்தவன் செத்துட்டான். இருக்கற வேலையும் போச்சுன்னா சூசாலா, சோத்துக்கே கஷ்டம்," என்றான்.

அவள் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, தான் அடுக்கியதைப் புருஷன் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. கடல் மேடைக்கு ஒரு பாய் விரிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. புதைத்ததைத் தோண்டக்கூடாது என்று கோயில் பண்டாரம் சொன்னார். செல்லாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எலும்பையாவது எடுத்து உள்ளே எங்கேயாவது வைத்துவிடலாம் என்று சங்கோல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். முதல் வெட்டு விழுவதற்குள் விஸ்வலிங்கம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ! அந்த இடத்தைக் கிண்டினால் மண்ணின்ர அமைப்பே மாறிப்போகும். இவ்வளவு காலம் அளந்தது எல்லாம் வீணாகிப்போகும்."

"புள்ள போயிருவான்யா."

"போகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தனான். தைப்பூசம் வரைக்கும் இந்த இடம் விழாது. தைப்பூசத்துக்கு முன்னம் என்ர கடைசி அளவு முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு நானே ஆள் வைச்சு, மரியாதையாக எடுத்துத் தாறன். என்னை நம்புங்கோ."

நம்பாமல் இருந்திருக்கலாம். அவள் கையில் சங்கோல் இருந்தது, காலடியில் மண் இருந்தது, ஒரு அரைமணி நேர வேலை. ஆனால் சொன்னவர் கிராணி ஐயா மகன். மழை வராது என்று கிராணி சொன்னால் மரத்துக்குப் போகிற சனம் அவள் வம்சம். சங்கோலைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னாச் சரிங்கய்யா," என்றாள். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் அவள்மேலேயே ஆத்திரம் வருகிறது.

தீபாவளிக்கு முந்திய வாரம் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. பெரிய ஏற்றமும் அதோடு சேர்ந்துகொண்டது. பொழுது விடிந்து செல்லாயி ஓடியபோது மணல்மேடு பாதிக்குமேல் காணவில்லை. கேக்கை வெட்டி எடுத்த மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. மேடை இல்லை, தகரக் கார் இல்லை, மஞ்சள் துணி கட்டிய முளைக்கம்புகளும் இல்லை. கல்லணைக்குப் பின்னால் லயங்கள் ஒரு ஓலைகூடக் கலையாமல் இருந்தன. அவள் சேற்றில் இறங்கி இரண்டு கையாலும் அளைந்தாள். நகம் பிய்ந்தது. கிடைத்தது யார் வீட்டுப் பிள்ளைக்கோ வைத்த ஒரு பால் புட்டிதான்.

விஸ்வலிங்கம் வந்து பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் துக்கம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பாவம். துக்கத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது. பரீட்சையில் எதிர்பாராத கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட பையன் முகம் மாதிரி இருந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, செல்லாயி," என்றார். பிறகு அளவுகோலை நீட்டினார். "தண்ணி ஏற முன்னம் ஒரு படம் எடுக்கவேணும். இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் பிடித்தாள் என்று பிற்பாடு வீரம்மா கேட்டதற்கு, "அவுரு குடுத்தாரு, கை வாங்கிக்கிச்சு," என்றாள்.

எண்பதுகளின் நடுவில் அவர் டாக்டர் ஆனார். ஈப்போவில் ஒரு சங்க மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. தோட்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்து, அவரோடு வேலை செய்தவர்களை அழைத்துக்கொண்டு போனார்கள். மாயாண்டி வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். செல்லாயியை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சங்கத்தாருக்கு விளங்க வேண்டுமென்று விஸ்வலிங்கம் தமிழிலேயே பேசினார். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டினார்.

முதல் படத்தில் மகன் மேடை, அதன்மேல் தகரக் கார், பக்கத்தில் அளவுகோலோடு செல்லாயி. அடுத்த படத்தில் மேடை, செல்லாயி, கடல் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே. கடைசிப் படத்தில் செல்லாயி மட்டும் வெறும் சேற்றில் நேராக நின்றாள்.

"அக்கா, படத்துல நீங்கதானே!" என்று பின்வரிசையில் யாரோ சந்தோஷமாகத் தோளைத் தட்டினார்கள்.

"இந்த இடம் தைப்பூசம் வரை தாங்கும் எண்டு நான் கணக்குப் போட்டிருந்தனான்," என்றார் விஸ்வலிங்கம் மேடையிலிருந்து. "ஆனால் அதுக்கு வெகு முன்னமே போயிட்டுது. கணக்கு ஏன் பிழைச்சுது எண்டு தேடினதுதான் என்ர ஆய்வின்ர உயிர். கல்லணையில மோதித் திரும்புற தண்ணி அதின்ர முனையைச் சுத்தி வந்து, பக்கத்துக் கரையை இன்னும் வேகமாக அரிச்சிருக்கு. அணை இல்லாதிருந்தால் அந்த மேடு இன்னும் சில வருஷம் நிண்டிருக்கும்."

கைதட்டல் எழுந்தது. செல்லாயியின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. கல் சுமந்த தழும்பு அங்கே இருந்தது.

அவர் இன்னொரு படம் காட்டினார். கரையின் வரைபடம், மேலே சிவப்பு அம்புக்குறிகள். "அங்கயிருந்து போன மண் எங்க போச்சுது? இதோ, கல்லணைக்கு உட்பக்கம் வந்து படிஞ்சிருக்கு. லயங்களுக்கு முன்னால ஒரு புதுத் திடலே உண்டாகிட்டுது. இனி அதில பாக்காவ் தானாக முளைக்கும்." மறுபடியும் கைதட்டல்.

அம்புக்குறி போய் முடிந்த இடத்தையே செல்லாயி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திடல் அவளுக்குத் தெரியாதா? லயத்துச் சனம் முழுக்கக் காலையில் ஒதுங்குகிற இடம். சேறு இறுகிய நாளிலிருந்து அவளும் அங்கேதான் போய்வந்தாள். இவ்வளவு காலமாக.

மேடைக்குக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். வேனில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். வேன் ஒத்துக்கொள்ளவில்லை என்றான் மாயாண்டி.

மறுநாள் காலை, கையில் சொம்போடு வந்த முதல் ஆளைக் கம்பால் அடித்தாள். அது உடையப்பன். அவருக்கு முழங்கையில் எலும்பு பிசகியது, அந்த அளவில் அந்தக் கதையில் ஒரு நியாயம் உண்டு. அதற்குப் பிறகு அவள் வீடு திரும்பியது தூங்க மட்டும்தான். சனம் சிரித்தது, திட்டியது, கல்லெறிந்தது. சிலர் வேண்டுமென்றே அவள் கண்ணில் படுகிற மாதிரி திடலில் குந்தினார்கள். மாயாண்டி சித்தியவான் பக்கம் வேலை கிடைத்ததென்று போனான், அங்கேயே இருந்துவிட்டான். செல்லாயி தினமும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து திடலைக் கழுவினாள். சேற்றைக் கழுவினால் சேறுதான் வரும். அவள் கழுவினாள்.

யாரும் மிதிக்காத அந்தத் திடலில் பாக்காவ் கன்றுகள் திமுதிமுவென்று எழும்பின. எண்பதுகள் முடியும் சமயம், டாக்டர் விஸ்வலிங்கம் வெளிநாட்டுக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தம் கல்லணையைக் காட்ட வந்தார். நீளமான ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கன்றுகளுக்கு நடுவே திடலின் மத்திக்கு நேராக நடந்துபோய் நின்றார். கம்போடு ஓடிவந்த செல்லாயி ஆளை அடையாளம் கண்டதும் நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், அவர்மேல் கை ஓங்க வரவில்லை.

"சுகமா இருக்கிறியளோ, செல்லாயி?"

"ஐயா, காலை எடுங்க," என்றாள் அவள். "எம்புள்ள மேல நிக்கிறீங்க. உங்க அம்புக்குறிதானே காட்டிச்சு. இங்கதான்யா இருக்கான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா."

விஸ்வலிங்கம் அவளையே பார்த்தார். அவருக்கு விளங்காமல் இல்லை. கூட வந்த வெள்ளைக்கார அம்மாள், இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: இந்த மரங்களைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறாளாம்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லாயியின் சேற்றுக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செல்லாயிக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை வருஷத்தில் ஒரு உயிருக்காவது விளங்கியதே என்று நினைத்தாள். கம்பைக் கீழே போட்டுவிட்டு, அந்த அம்மாளைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டி அழுதாள்.

படம் எடுக்க எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். மரம் எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமே என்றார் ஒருவர். விஸ்வலிங்கம் அளவுகோலைச் செல்லாயியிடம் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, ஆடாமல் நேராகப் பிடித்தாள். படம் எடுத்து முடியும்வரை அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.